எந்த ஓநாய் என்று கேட்ட வெர்னா

கோடை முழுவதும் எங்கள் வில்லோ ஃபோர்க் பள்ளத்தாக்கில் காலைக் காபியோடு எல்லோரும் கேட்கும் முதல் குரல் வெர்னா க்விஸ்டுடையது. மலைமேல் பொது மேய்ச்சல் நிலத்தில், ஒரு பழைய தகரக் கூண்டுவண்டிதான் அவருக்கு வீடு. அங்கிருந்து வாக்கிடாக்கியில் பேசுவார். கீழே ஒவ்வொரு பண்ணைவீட்டுச் சமையலறையிலும் அது ஒலிக்கும்.

“எல்லாருக்கும் வணக்கம். லுவெல்லா ராத்திரி பூரா ஊர் சுத்திட்டு இப்பத்தான் ஹார்லனோட வேலிக்குக் கீழ புதர்ல வந்து படுத்திருக்கு. கூட ரெண்டு தடிப்பசங்க. நான் மாட்டை மேற்கால ஓட்டிக்கிட்டுப் போறேன். அவ்வளவுதான்.”

பள்ளத்தாக்கே சிரிக்கும். காரணம், லுவெல்லா என்பது ஹார்லன் ஓப்ஸ்டாடின் மனைவி பெயர். ஹார்லன் எங்கள் மேய்ச்சல் சங்கத்தின் தலைவர். புதரில் வந்து படுத்ததோ ஒரு சாம்பல் நிறப் பெண் ஓநாய். அதன் கழுத்தில் மாநில வனவிலங்குத் துறை மாட்டிய பட்டை இருந்தது. அந்தப் பட்டை ‘டிக் டிக்’ என்று வெர்னாவின் ஆன்டெனாவுக்குத் தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பெயர் வைத்ததற்கு வெர்னா ஒரு விளக்கம் வைத்திருந்தார். சர்ச் விருந்துகளில் லுவெல்லா ஓப்ஸ்டாட் இனிப்பு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி எல்லாப் பண்டத்தையும் ஆசையாகப் பார்ப்பார். எதையும் தொடமாட்டார், சர்க்கரை வியாதி. அந்த ஓநாயும் அப்படித்தான். கன்றுகளுக்கு நடுவே நடந்து போகும், ஒவ்வொன்றாகப் பார்க்கும், பிறகு மலையேறிப் போய் ஒரு எல்க் மானை அடித்துச் சாப்பிடும்.

ஹார்லனுக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் ஒருமுறை முறையாகவே ஆட்சேபித்தார். அவர் மனைவி ஆட்சேபிக்கவில்லை. “இந்த ஊர்ல காலையில எழுந்ததும் என் பேரைச் சொல்ற ஒரே ஆளு வெர்னாதான். இருந்துட்டுப் போகட்டுமே” என்றார்.

வெர்னாவின் வேலையை எங்கள் பக்கம் ‘மந்தைச் சவாரி’ என்போம். ஏழு பண்ணைகளின் மாடுகள் ஜூன் முதல் அக்டோபர் வரை மலைமேல் கலந்து மேயும். அவற்றோடு ஒரு ஆள் குதிரையில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நொண்டும் மாட்டைக் கண்டுபிடிப்பது, செத்ததை அப்புறப்படுத்துவது, சிதறுவதைச் சேர்ப்பது, ஓநாய் ஒரு பக்கம் என்றால் மந்தையை மறுபக்கம் நகர்த்துவது. எல்லாவற்றுக்கும் மேலாக, மனித வாசனையை அங்கே பரப்பிக்கொண்டிருப்பது. “குளிக்காம இருக்கறதுக்குச் சம்பளம் குடுக்கற ஒரே வேலை இதுதான்” என்பார் வெர்னா.

அடக்கம் என்ற சரக்கு அவரிடம் கிடையாது. கால்நடை அறிவியல் இரண்டு வருடம் படித்தார். ஒரு பேராசிரியரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார். சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், “பாதி அவரு பக்கம். ஆனா சத்தம் என் பக்கம்” என்று பெருமையாகச் சொல்வார். லாரி ஓட்டினார். ஒரு கணவரைப் புதைத்தார், ஒரு கணவரைத் துரத்தினார். அறுபதைத் தாண்டிய பிறகு அவருக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தவை இரண்டு குதிரைகள், ஒரு நாய், இந்த வேலை. குளிர்காலத்தில் அவர் கூண்டுவண்டியை நிறுத்திக்கொள்ளும் இடமும் சங்கத்துடையது. வேலை போனால் இடமும் போகும்.

வெர்னாவை ஓநாய்களின் தேவதை என்று நினைத்து நகரத்திலிருந்து ஒரு பெண்மணி பேட்டி எடுக்க வந்தார். வெர்னா சட்டைப்பையிலிருந்து அந்த வருடத்து ஓநாய் வேட்டை அனுமதிச் சீட்டை எடுத்துக் காட்டினார். வந்தவர் முகம் வெளுத்துவிட்டது. “ஓநாய் ஒருத்தன் எம்மெட் பண்ணைக் கன்னுங்களாப் பாத்து அடிச்சான். ருசி பழகிடுச்சு அவனுக்கு. சீசன் வந்ததும் நானே சுட்டேன். தப்பா? லுவெல்லாவுக்கு எல்க் போதும். அதைச் சுடல. அது மட்டும் புண்ணியமா? ஓநாயைச் சுடலாமா வேண்டாமான்னு ஊரே கத்துது. எந்த ஓநாய்னு ஒருத்தர்கூட கேக்க மாட்டேங்கறாங்க!”

நான் இந்த விஷயத்தில் நிறையப் படித்திருக்கிறேன். படிக்கப் படிக்க இரு தரப்பின் மேலும் கோபம்தான் வருகிறது. ஒரு தரப்புக்கு ஓநாய் சாத்தான். அவர்களுடைய தாத்தாக்கள் இறைச்சியில் விஷம் வைத்து ஒன்றுவிடாமல் ஒழித்தார்கள். இன்னொரு தரப்புக்கு ஓநாய் புனிதர். அவர்கள் மாட்டிறைச்சியை வெட்டித் தின்றுகொண்டே அதற்காகக் கண்ணீர் விடுகிறார்கள். வேட்டைக்குக் காலமும் வரம்பும் வைத்த சட்டம் இந்த இரண்டு பக்திகளையும்விட எவ்வளவோ மேல். ஆனால் சட்டத்துக்கு எண்ணிக்கைதான் தெரியும். மாடுகளுக்கு எண்ணிக்கை தெரியாது. பக்கத்துப் புதரில் இருக்கும் ஓநாயைத்தான் தெரியும்.

ஓநாய் திரும்பி வந்த பிறகு எல்க் மான்களே போய்விட்டன என்று வேட்டைக்காரர்கள் புலம்பினார்கள். அவை எங்கும் போகவில்லை. முன்பு குளிர்காலம் முழுவதும் எங்கள் தீவனப் போரில் கழுத்தை நுழைத்து நின்றவை, இப்போது மேட்டுச் சரிவுக்கு ஏறியிருந்தன. அவற்றைச் சுட வேண்டுமானால் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கி நடக்க வேண்டும். புலம்பலின் முழுக் காரணம் அதுதான்.

ஹார்லனும் வருடாவருடம் ஓநாய்ச் சீட்டு வாங்கினார். ஒரு ஓநாயையும் கண்ணால் பார்த்ததில்லை. எம்மெட் ஸ்வீனிக்குப் பண்ணையோடு ஒரு மதுக்கடையும் உண்டு. அங்கே இது நிரந்தர வேடிக்கை. “ஹார்லன், சீட்டைச் சட்டம் போட்டு மாட்டிக்கோ. சுவத்துல ஆணி ரெடி” என்பார் எம்மெட்.

பிப்ரவரியில் ஒரு நாள் ஹார்லன் வயலில் மாடுகளுக்குத் தீவனம் இறக்கிக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் ஒரு சாம்பல் ஓநாய் வந்து நின்று மாடுகளைப் பார்த்தது. பார்த்ததே தவிர, நகரவில்லை. டிராக்டரில் துப்பாக்கி இருந்தது. சீசன் இருந்தது, சீட்டு இருந்தது, நிலம் அவருடையது. ஒரே குண்டு.

ஓநாயை வண்டியின் பின்னால் போட்டு நேராக மதுக்கடைக்கு வந்தார். உள்ளே இருந்த எல்லோரும் வெளியே வந்து பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். வெர்னா கடைசியாக வந்தார்.

“ஹார்லன், கழுத்தைப் பாத்தியா?”

“முடி அடர்த்தியா இருந்துச்சு.”

“முடிக்குள்ள பட்டை இருந்துச்சே, அதைப் பாத்தியா?”

“பட்டை போட்டதையும் சுடலாம். சட்டத்துல தெளிவா இருக்கு.”

“தாராளமா சுடலாம். உன் வீட்டுல தீப்பிடிச்சா கத்தற மணி ஒண்ணு மாட்டியிருக்கியே, அதையும் சுடலாம். உன் வீடு, உன் துப்பாக்கி. எந்தச் சட்டமும் தடுக்காது.”

வெர்னா பட்டையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை யாரோ விஷமத்துக்கு வாக்கிடாக்கியில், “லுவெல்லா இப்ப எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா” என்றார்கள். கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு நிஜ லுவெல்லாவின் குரல்: “சமையலறையில முட்டை பொரிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னும் உயிரோடதான் இருக்கேன். விசாரிச்சதுக்கு நன்றி.”

அந்தக் கோடை வெர்னாவுக்குச் சோதனையாக அமைந்தது. பட்டையோடு இருந்த ஒரே ஓநாய் லுவெல்லா; அது போனதும் ஓநாய்க் கூட்டம் உடைந்துவிட்டது. எத்தனை ஓநாய்கள், எங்கே படுக்கின்றன, ஒன்றும் தெரியாது. ஆன்டெனாவைத் தூக்கினால் வெறும் இரைச்சல். மந்தையை மேற்கே ஓட்டினால் மேற்கிலேயே ஊளை கேட்டது. ஒரு கன்று செத்தது, பிறகு இன்னொன்று, பிறகு ஒரே வாரத்தில் இரண்டு. துறை ஆட்கள் வந்து தோலை உரித்துப் பார்த்தார்கள். தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தது. உயிரோடு இருக்கும்போதே கடித்தது. ஓநாய்தான். அக்டோபரில் மாடுகளை இறக்கியபோது திரும்பி வராத கன்றுகளும் இருந்தன. வெர்னா எடை குறைந்து பாதியாகியிருந்தார். சத்தம் மட்டும் குறையவில்லை.

நவம்பரில் சங்கக் கூட்டம். எங்கள் வழக்கப்படி ஆளுக்கொரு பண்டம் சமைத்து எடுத்துக்கொண்டு கூடத்தில் கூடுவோம். முதலில் சண்டை, அப்புறம் சாப்பாடு. எனக்கு மாடு கிடையாது. ஆகவே வாக்கும் கிடையாது; வாய் மட்டும் உண்டு. காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். லுவெல்லா பின்மேசையில் ‘ஆப்பிள் பை’ பலகாரங்களைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

ஹார்லன் எழுந்தார். “வெர்னா மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல. ஆனா இந்த வருஷம் நடந்த நஷ்டம் எல்லாருக்கும் தெரியும். காவலுக்கு ஆள் வச்சும் கன்னு போகுதுன்னா, காவல் எதுக்கு? வெர்னாவை நிறுத்திடலாம். அந்தச் சம்பளத்துல துப்பாக்கிக்காரன் ஒருத்தனை வைப்போம்.”

துப்பாக்கி வைத்திருந்தவர் தலைவர். கூலி வாங்கியவர் வெர்னா. குற்றவாளி யார் என்று தீர்மானிக்க உலகம் எப்போதும் பின்பற்றும் முறை இதுதான். ஆனால் வெர்னா வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினார்.

“ஹார்லன் சொல்றது என்ன? வெர்னா இருந்தா, கன்னு செத்துச்சு, அதனால வெர்னாதான் காரணம். சரி. நானும் அதே மாதிரி சொல்றேன். ஹார்லன் சுட்டான், கன்னு செத்துச்சு, அதனால ஹார்லன்தான் காரணம். ரெண்டும் ஒரே வாதம். எடுத்துக்கறதுன்னா ரெண்டையும் எடுத்துக்குங்க. தூக்கிப்போடறதுன்னா ரெண்டையும் போடுங்க.”

“அப்ப நான்தான் காரணம்கறியா?” என்றார் ஹார்லன்.

“தெரியாதுங்கறேன். அந்தக் கிழட்டு ஓநாய் இருந்திருந்தாலும் இந்த வருஷம் கன்னு செத்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? எனக்கு உறுதியாத் தெரிஞ்சது ஒண்ணுதான். போன வருஷம் காலையில எழுந்தா ஓநாய் எங்க இருக்குன்னு சொன்னேன். இந்த வருஷம் சொல்ல முடியல. துப்பாக்கிக்காரனை வைங்க. நல்லாச் சுடட்டும். எந்தப் பக்கம் திரும்பிச் சுடணும்னு அவனுக்கு யாரு சொல்லுவா?”

மதுக்கடை எம்மெட் முனகினார்: “அவளுக்கே தெரியாதுன்னு ஒத்துக்கிட்டா. இதுக்கு முன்னாடி இப்படி நடந்ததே இல்ல.”

வாக்கெடுப்பு வந்தது. எங்கள் சங்கத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு இல்லை; மாட்டின் தொடையில் சூடு போட்டுப் பதிக்கும் பண்ணைக் குறிக்கு ஒரு வாக்கு. ஏழு குறி, ஏழு கை. வெர்னாவை நிறுத்த ஹார்லனோடு சேர்த்து நான்கு கைகள் உயர்ந்தன. எம்மெட் எண்ணி முடிப்பதற்குள் பின்மேசையிலிருந்து கேள்வி வந்தது.

“அந்த நாலாவது கை யாரோடது?”

“என்னோடதுதான், லுவெல்லா. என்ன இப்ப?” என்றார் ஹார்லன்.

“கை உன்னோடதுதான். குறி என்னோடது.”

உண்மைதான். ஹார்லனின் மாடுகள் தாங்கும் குறி லுவெல்லாவின் அப்பாவுடையது. கல்யாணத்தின்போது மாடுகளோடு வந்தது. இன்றுவரை அவர் பெயரில்தான் பதிந்திருக்கிறது. குறி யார் பெயரிலோ மாடு அவருடையது. இதை எங்கள் ஊரில் கைக்குழந்தையும் அறியும். இருந்தும் இத்தனை வருடங்களாக ஹார்லன் கையைத் தூக்கினார், நாங்களும் எண்ணினோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. வாய் மட்டும் உள்ள எனக்கும்தான்.

“வீட்டுல போய்ப் பேசிக்கலாமே” என்றார் ஹார்லன் தணிந்த குரலில்.

“வீட்டுல பேசிப் பாத்தாச்சு. நீ தூங்கிட்ட.” லுவெல்லா கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். “செத்த கன்னுல மூணு என்னோடது. எனக்குக் கோபம் இல்லையா? இருக்கு. ஆனா தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆளை அனுப்பிட்டு, எல்லாம் தெரியும்னு சொல்றவனை வச்சுக்க எனக்கு வசதியில்ல. எம்மெட், எண்ணு.”

எம்மெட் எண்ணினார். நிறுத்த மூன்று, வைத்துக்கொள்ள நான்கு.

லுவெல்லா உட்காரவில்லை. இன்னொரு தீர்மானமும் வைத்தார். பொது நிலத்தில் உறுப்பினர் யாரும் ஓநாயைச் சுடலாம், சட்டம் அனுமதிக்கிற வரை. ஆனால் சுடுவதற்கு முன் வெர்னாவிடம் எந்த ஓநாய் என்று கேட்க வேண்டும். சொந்த வயலில் சுட யாரைத் தடுக்க முடியும்? “அங்கயும் கேட்டுட்டுச் சுட்டா நான் சந்தோஷப்படுவேன்” என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு: “புதுப் பட்டை மாட்டத் துறை ஆளுங்க வர்றப்ப, கூடமாட ஒத்தாசைக்குத் தலைவர் போகணும்.”

ஆறு கைகள் உடனே உயர்ந்தன. லுவெல்லா தன்னுடையதை ஏழாவதாகத் தூக்கினார்.

மே மாதம் துறைப் பெண் ஒருத்தி வந்து பொறி வைத்தாள். இளம் பெண் ஓநாய் ஒன்று சிக்கியது. மயக்க ஊசி போட்டாயிற்று. யாராவது தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஹார்லன் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்தார். அது லேசாக நாக்கை அசைத்தது.

“வெர்னா, இது கடிக்குமா?”

“மயக்கத்துல இருக்கு, கடிக்காது. நீ மயக்கம் போட்டு அது மேல விழாம இருந்தாச் சரி.”

பட்டை பூட்டப்பட்டது. கொஞ்ச நேரத்தில் ஓநாய் தள்ளாடி எழுந்து, குடித்தவர் வீடு திரும்புவது போல மரங்களுக்குள் போய் மறைந்தது. வெர்னா ஆன்டெனாவைக் கொடுத்து, மேட்டில் ஏறிச் சத்தம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். ஹார்லன் ஏறினார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். சட்டென்று அசையாமல் நின்றார்.

“கேக்குது! ஏய், கேக்குதுடா! ஓடைக்கு அந்தப் பக்கம்! இரு, இரு, நகருது!”

வெர்னா ஆன்டெனாவுக்காகக் கையை நீட்டினார். ஹார்லன் கொடுக்கவில்லை.