வாசிக்காமல் விட்ட பக்கங்கள்

கிறிஸ்டின் ரீச்சர் கண் தெரியாதவர்களுக்காகக் கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்யத் தொடங்கியது கசெற் காலத்தில். கோயிலில் அவர் வேதாகமம் வாசித்ததைக் கேட்டுவிட்டு, பார்வையற்றோர் சங்கத்துக்காரர் வீடு தேடி வந்தார்கள். கசெற் போய் சீடி வந்தது, சீடி போய் இப்போது வாட்ஸ்அப். அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்த்து வழிய வாசிப்பார். ரீச்சருக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. பக்கம் திருப்பும்போதெல்லாம் அதன் எண்ணைச் சொல்லவேண்டும் என்பது சங்கத்தின் ஒழுங்கு. அது அவர் வாயில் ஊறிப்போயிருந்தது.

ஒரேயொரு சங்கடம். கதையில் ஆணும் பெண்ணும் கதவைச் சாத்தினால் ரீச்சருக்குக் காது சிவந்துவிடும். மறைக்கல்வி படிப்பிக்கிற வாயால் இதையெல்லாம் வாசிக்கிறதா? அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு, விடிந்த பிறகு நடப்பதிலிருந்து தொடங்குவார். ஆருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு.

போன மாதம் சங்கக் கூட்டத்தில் சாம்பல்தீவுத் தவராசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ரீச்சரின் பதிவு ஒன்றையும் தவறவிடாதவர்.

“ரீச்சர், என்ர போன் பழுது போலக் கிடக்கு. அறுபத்திரண்டாம் பக்கத்துக்குப் பிறகு அறுபத்தாறு எண்டு சொல்லுது. கடையிலையும் காட்டினனான். போனிலை ஒண்டும் இல்லையாம்.”

பொய்யொன்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபின் சொல்ல ஏலவில்லை.

“போன் பழுதில்லை. நான்தான் வாசிக்கேல்லை. அது... புருசன் பெண்சாதி சங்கதி.”

தவராசா போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். “எனக்கு மூண்டு பிள்ளையள், ரீச்சர்.”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது ரீச்சருக்கு. வளர்ந்த மனிதரைச் சின்னப்பிள்ளையாக்கி வைத்திருந்தாரே!

“முந்தின புத்தகங்களிலையும் விட்டனீங்களோ?”

“ஓம்.”

அன்று பின்னேரமே விட்ட பக்கங்களை வாசித்து அனுப்பினார். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டார். பிறகு அலுமாரியிலிருந்து பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அதிலொன்றைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

கசெற் காலத்தில் அந்தக் கதையைக் கேட்டவர் சல்லிக் கிராமத்திலிருந்த நல்லம்மா. அவருக்கும் கண் தெரியாது. “ராத்திரி சண்டை பிடிச்சவள் விடியக்காலமை ஏன் ரீச்சர் சிரிக்கிறாள்? என்ர மண்டைக்குத்தான் விளங்கேல்லையோ?” என்று கேட்டிருந்தார்.

“திரும்ப ஒருக்காக் கேளுங்கோ, விளங்கும்” என்று சொன்னவர் ரீச்சர்.

நல்லம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். விளங்காமலே செத்தும் போனார்.