தன் துடிப்பைத் தானே கேட்டு வாங்கிய பய்யூமி

இம்பாபாப் பேட்டையில் பய்யூமி மேஸ்திரியை, அங்கத்திய வழக்கில் உஸ்தா பய்யூமியை, தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் ஓட்டுகிற கிரேனைத் தெரியாதவர்கள் கிடையாது. நைல் கரையில் எழும்பிக்கொண்டிருக்கும் இருபத்தெட்டு மாடிக் கட்டடத்துக்கு மேலே மஞ்சளாக ஒன்று நிற்கிறதே, அதுதான். பய்யூமிக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் இருபத்தாறு வருடம் வானத்திலேயே போய்விட்டது. தரையில் பார்த்தால் ஆள் சுமார்தான்: குள்ளம், தொந்தி, நாளுக்கு இரண்டு மூன்று பொய். மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் இரண்டு டன் கம்பிக்கட்டைச் சத்தமே வராமல் இறக்கி வைப்பார். அந்த வேலையில் அவரைக் குறை சொல்கிறவன் கிரேன் பக்கமே போகாதவனாகத்தான் இருப்பான்.

அப்பேர்ப்பட்டவருக்கு வருடாந்திரப் பரிசோதனையில் வினை வந்தது. கம்பெனி டாக்டர் மெர்வத் அம்மாள் அவர் நெஞ்சில் குழலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"நடுவுல ஒரு துடிப்பு விட்டுப் போகுதே உஸ்தா."

"காலைல ஃபூல் பயறுக் கூட்டோட பச்சை வெங்காயம் கொஞ்சம் தூக்கலா சாப்பிட்டேன் டாக்டரம்மா. வாயுவா இருக்கும்."

"வாயு துடிப்பைத் தப்ப வைக்காது." டாக்டரின் பார்வை அவர் மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கடிகாரத்தில் விழுந்தது. "இது துடிப்பை எண்ணுமா?"

"எண்ணும். நல்லா இருந்தா சாயங்காலம் பூ காட்டும்."

"பூவெல்லாம் வேணாம். நிமிஷத்துக்கு நிமிஷம் என்ன எண்ணிச்சோ அந்த மூலக் கணக்கு வேணும். முப்பது நாளுக்கு. அது வர்ற வரைக்கும் ஏறிக்கலாம். ரெண்டு வாரத்துல வரலைன்னா கீழ கிடங்குல போய் ஆணி, நட்டு பாத்துக்கங்க."

கிடங்கு பய்யூமிக்குத் தெரிந்த இடம்தான். ஜன்னல் இல்லாத தகரக் கொட்டகை அது. அங்கே அனுப்பப்பட்ட கிரேன்காரன் எவனும் திரும்ப மேலே ஏறியதில்லை.

கடிகாரம் ஜித்தாவில் இருக்கும் மகள் ரீஹாம் வாங்கிக் கொடுத்தது. அது நாள் முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு துடிப்பை எண்ணும். அந்த நொடியின் எண்ணை மட்டும் காட்டும், ஆனால் போன நாட்களின் கணக்கைக் கேட்டால் ஒரு பூ, ஒரு சிரித்த முகம், "இன்று அருமை!" என்று ஒரு முதுகுத்தட்டல், அவ்வளவுதான். பய்யூமி தன் கூட்டாளி கிர்கிஸின் கைபேசிக் கடைக்குப் போனார். கிர்கிஸ் எந்தப் போனையும் பிரித்துப் போட்டுவிடுவான். திரும்பச் சேர்ப்பதில்தான் கொஞ்சம் கூடக்குறைய ஆகும். அவன் முப்பது நாள் பூக்களையும் படம் பிடித்து வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்தான். மெர்வத் அம்மாள் அதை இரண்டு விரலால் தூக்கித் திருப்பித் தந்தார்.

"பசின்னு வந்தவனுக்குச் சாப்பாட்டு படம் காட்டுற மாதிரி இருக்கு உஸ்தா. எனக்கு எண் வேணும்."

கிர்கிஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றே கடிகாரச் செயலியின் வயிற்றுக்குள் இறங்கினான். ஏழெட்டுக் கதவுகளுக்கு அந்தப்பக்கம், யார் கண்ணிலும் படக்கூடாது என்று வைத்ததுபோல ஒரு வரி இருந்தது: "உங்கள் தரவைப் பெற விண்ணப்பிக்க." அதைத் தொட்டதும் பிறந்த தேதி கேட்டது. பய்யூமி தன் தேதியைச் சொன்னார், தப்பு என்றது. மறுபடி சொன்னார், மறுபடி தப்பு. ஜித்தாவுக்குப் போன் போட்டார்கள்.

"ஐயோ அப்பா! அவசரத்துல என் பேர்ல, என் தேதியில திறந்துட்டேன்."

ஆக, ஒன்றரை வருடமாக அந்தக் கடிகாரம் பய்யூமியை இருபத்தொன்பது வயதுப் பெண்ணாகவே நினைத்துக்கொண்டிருந்தது. மாதத்துக்கு ஒருமுறை "வயிற்று வலி இருக்கிறதா, சூடாக ஏதாவது குடியுங்கள்" என்று அது பரிவாக விசாரித்ததன் காரணம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"அதான பாத்தேன். எங்க வீட்டுல கூட யாரும் என்னை இவ்வளவு அன்பா கேட்டதில்லையே!"

கிர்கிஸ் கல்லாப் பெட்டியின் மேல் விழுந்து சிரித்தான். ரீஹாமின் போனுக்கு ஓர் இரகசிய எண் வந்தது. அதைச் சொன்னதும் பதில் வந்தது: விண்ணப்பம் ஏற்கப்பட்டது, முப்பது நாள் வரை ஆகலாம்.

பய்யூமி கொதித்துப்போனார். "நெஞ்சு என்னோடது. கை என்னோடது. வேர்வை என்னோடது. இவன் உக்காந்து எண்ணுவானாம், நான் மனு போட்டு வரிசையில நிக்கணுமாம்! அப்போ இது யாரு நெஞ்சுடா கிர்கிஸு?"

நியாயமான கேள்விதான். கிர்கிஸ் தேநீர் ஊற்றிக் கொடுத்தான்.

பதினோராவது நாள் கோப்பு வந்தது. படமில்லை, பூ இல்லை. அடைப்புக்குறிகளும் எண்களும் புதராக மண்டிக் கிடந்தன. கிர்கிஸ் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து களையெடுத்தான். நேரம் ஒரு பக்கம், துடிப்பு ஒரு பக்கமாகக் கட்டம் போட்டான். ஒவ்வொரு நேரத்தின் வாலிலும் ஒற்றை எழுத்து ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதையும் வெட்டினான். அந்தக் கத்தரிப்பில்தான் வம்பு பிறந்தது.

டாக்டரிடம் போகும்போது மனைவி இன்ஷிராஹும் கூட வந்தாள். ஆஸ்பத்திரி, வழக்குமன்றம், கல்யாணப் பேச்சு, இந்த மூன்றுக்கும் பய்யூமியைத் தனியாக அனுப்புவதில்லை என்பது அவள் கொள்கை. மெர்வத் அம்மாள் தாள்களைப் புரட்டப் புரட்ட அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"தினமும் மத்தியானம் ரெண்டரைல இருந்து மூணே முக்கால் வரைக்கும் நூத்தி நாப்பது போகுதே. அப்போ என்ன செய்வீங்க?"

"ரெண்டு மணிக்கு இறங்கி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பேன் டாக்டரம்மா."

"படுப்பார்னா எப்படி!" என்று இன்ஷிராஹ் உதவிக்கு வந்தாள். "கட்டையாட்டம் கிடப்பாரு. குறட்டைல ஜன்னல் ஆடும். நானே சாட்சி."

"விடியக்காலை மூணு மணிக்கும் ஏறுதே?"

"அப்பவும் கட்டைதான்!"

டாக்டர் தாளைக் கீழே வைத்தார். "அப்போ பகல் பன்னெண்டரைல இருந்து ஒண்ணே முக்கால் வரைக்கும் எங்க இருப்பீங்க?"

"வேற எங்க? கிரேன்லதான்."

"அந்த நேரத்துலதான் அம்பத்தஞ்சு. நல்லா அசந்து தூங்குறவன் துடிப்பு." மெர்வத் அம்மாளின் குரல் கெட்டியானது. "வீட்டுல தூங்கும்போது உங்க நெஞ்சு ஓடுது. வானத்துல வேலை பாக்கும்போது தூங்குது. ஒண்ணு உங்க நெஞ்சுல பெரிய கோளாறு. இல்லைன்னா கீழ ஆளுங்க நிக்கிறப்ப மேல நீங்க தூங்குறீங்க. ரெண்டுல எதுவானாலும் நாளைல இருந்து ஏறக்கூடாது."

இன்ஷிராஹ் சாட்சி சொன்ன வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் பய்யூமி கிடங்கில் உட்கார்ந்தார். அவர் கிரேனை வேறொருவன் ஓட்டும் சத்தம் தகரத்தின் வழியே கேட்டது. அவன் கம்பியை இறக்கவில்லை, போட்டான். ஒவ்வொரு சத்தத்துக்கும் பய்யூமிக்கு உடம்பு கூசியது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை, ஆனாலும் படுத்ததும் தூங்கிவிட்டார். இன்ஷிராஹ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கணவன் இப்போது போய்விடுவான், அப்போது போய்விடுவான் என்று அழுதபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் இப்படி அழுதாள். மூன்றாவது நாள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை உலுக்கினாள்.

"ஏ மனுஷா, எந்திரி! மூணேகால் ஆச்சு. கடிகாரம் அம்பத்தஞ்சுங்குது. மூணு நாளா அப்படித்தான். தாள்ல நூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கான். கடிகாரம் பொய் சொல்லுதா, தாள் பொய் சொல்லுதா? போய் அந்த கிர்கிஸைக் கேளு."

கிர்கிஸ் மூலக் கோப்பைத் திறந்தான். வெட்டியெறிந்த அந்த ஒற்றை எழுத்து என்னவென்று தேடினான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"உஸ்தா, என்னை அடிக்காதீங்க. அந்த எழுத்துக்கு லண்டன் பக்கத்து நேரம்னு அர்த்தமாம். உங்க நெஞ்சு இம்பாபால துடிச்சிருக்கு, இவன் இங்கிலாந்துக் கடிகாரத்துல எழுதிட்டான். ரெண்டு மணி கூட்டணும். இல்லல்ல, இங்க இப்போ கோடைக்குக் கடிகாரத்த ஒரு மணி முன்னால தள்ளி வச்சிருக்கு, அந்த நேரம் மாறாது, அதனால மூணு."

இருவரும் விரல்விட்டுக் கூட்டினார்கள். விடியற்காலை மூன்று என்பது காலை ஆறு: பய்யூமி கிரேன் ஏணியில் ஏறும் நேரம். பகல் பன்னிரண்டரை என்பது மத்தியானம் மூன்றரை.

"அப்போ நான் வீட்டுல கட்டையாட்டம் தூங்கிக்கிட்டு இருப்பேன். அதான் அம்பத்தஞ்சு!" பய்யூமி எழுந்து கிர்கிஸைக் கட்டிப்பிடித்தார். பிடித்தபடியே அடுத்த வரியையும் கூட்டினார். மத்தியானம் இரண்டரையில் மூன்றைக் கூட்டினால் சாயங்காலம் ஐந்தரை. ஐந்தரையிலிருந்து ஆறே முக்கால்.

கிர்கிஸ் மெதுவாகக் கூரையைக் காட்டினான். "அப்போ நீங்க என் தலைக்கு மேலதான இருப்பீங்க!"

அந்த மாடியில் பய்யூமியின் புறாக்கூண்டு இருந்தது. நான்கு ஆள் உயர மரக்கூண்டு, அறுபது புறா. சாயங்காலம் கொடியை வீசி, சீட்டியடித்து மொத்தக் கூட்டத்தையும் கிளப்புவார். எதிர்மாடிக்காரனும் தன்னுடையதைக் கிளப்புவான். இரண்டு கூட்டமும் வானத்தில் கலந்து பிரியும்போது எவன் புறா வழிதவறி எவன் கூண்டில் இறங்குகிறது என்பதுதான் ஆட்டம். எவன் கூண்டில் இறங்குகிறதோ புறா அவனுக்கே. அப்போது நூற்று நாற்பது துடிக்காத நெஞ்சு புறாக்காரன் நெஞ்சே அல்ல.

சிக்கல் என்னவென்றால், வீட்டுக் கணக்கில் பய்யூமிக்குப் புறா கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன், வழிதவறிய ஒரு சிவப்புப் புறாவுக்காக எதிர்மாடிக்காரனோடு அடிதடியாகிக் காவல் நிலையம் வரை போய்வந்த அன்று, இன்ஷிராஹின் முன்னால் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார்: "இனி ஒரு புறாவைப் பறக்கவிட்டா என் பொண்டாட்டி தலாக்!" இம்பாபா ஆண்களுக்கு இது வாயில் இருக்கிற வெற்றுப் பேச்சு, ஒரு கோப்பைத் தேநீருக்கு யார் காசு கொடுப்பது என்பதற்கும் இதையே சொல்வார்கள். ஆனால் இன்ஷிராஹ் நம்பினாள். சாயங்காலங்களில் அவர் கிர்கிஸோடு உட்கார்ந்து தவ்லாப் பகடை ஆடுகிறார் என்பதையும் நம்பினாள்.

"ஓடிப் பழகுறேன்னு சொல்லிடுங்க," என்றான் கிர்கிஸ்.

"இந்தத் தொந்தியப் பாத்தா டாக்டரம்மா நம்புவாளா? பக்கத்துல என் பொண்டாட்டி உக்காந்து 'தவ்லா ஆடுவாரு, நானே சாட்சி'ன்னு சொல்லுவா. உக்காந்து பகடை உருட்டுறவனுக்கு நூத்தி நாப்பதுன்னா நேரா ஆஸ்பத்திரிதான்."

பய்யூமிக்கு இப்போது பொய்யும் கைகொடுக்கவில்லை. கிரேன் வேண்டுமானால் மனைவியிடம் உண்மை சொல்லியாக வேண்டும். அவர் வாழ்க்கையில் ஏறியதிலேயே உயரமான படி தன் வீட்டு வாசற்படிதான்.

சொன்னார். இன்ஷிராஹ் கேட்டாள்:

"அப்போ இந்த ரெண்டு வருஷமா நான் உனக்கு யாரு? பொண்டாட்டியா, பக்கத்து வீட்டுக்காரியா?"

"ரீஹாம் அம்மா, அது சும்மா வாய்ச்சொல்லு..."

"மூணு நாள் உன் கட்டில் பக்கத்துல உக்காந்து அழுதேனே, அதுவும் சும்மாவா?"

பய்யூமிக்கு வெட்கமாக இருந்தது, நிஜமாகவே. அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு பள்ளிவாசல் ஷேக்கிடம் போனாள். ஷேக் பய்யூமியை ஏற இறங்கப் பார்த்தார். "தலாக் விடணும்னு சொன்னியா, புறா ஆட்டத்தை நிறுத்தணும்னு சொன்னியா?"

"புறா ஆட்டத்தை நிறுத்தணும்னுதான்."

"அப்போ கல்யாணம் இருக்கு, சத்தியம்தான் உடைஞ்சிருக்கு. பத்து ஏழைங்களுக்கு வயிறார சோறு போடு. இனி வாயை அளந்து திற."

மறுநாள் மெர்வத் அம்மாளிடம் புதிய தாள்கள் போயின. இன்ஷிராஹ் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினாள்: இது ஏணி, இது தூக்கம், இது அந்தச் சனியன் பிடித்த புறா. இரவு எட்டு மணி வரியில் விரல் நின்றது.

"எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து என் பக்கத்துல உக்காந்து டீ குடிப்பே. அதுக்கு அறுபத்திரண்டா? புறாவைப் பாத்தா நூத்தி நாப்பது, என்னைப் பாத்தா அறுபத்திரண்டு?"

பய்யூமி உதவிக்கு டாக்டரைப் பார்த்தார். மெர்வத் அம்மாள் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, முழிச்சிருக்கும்போது இவருக்கு இதான் நல்ல கணக்கு. முப்பது நாள்ல ஒரு நாள்கூட அந்த நேரத்துல தடுமாறல. அந்த வரியப் பாத்துத்தான் நான் ஏற விடப்போறேன்."

இன்ஷிராஹுக்குப் பாதி கோபம் இறங்கியது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். நடுவில் தப்பும் அந்த ஒற்றைத் துடிப்பு ஆபத்தில்லாத வகையாகத் தெரிகிறது, ஆனாலும் மாதாமாதம் இதே மூலக் கணக்கு வந்தாக வேண்டும், ஏதாவது எகிறினால் மறுபடி கிடங்குதான் என்றார்.

மீதிப் பாதி கோபத்தை இன்ஷிராஹ் வழியிலேயே செலவழித்தாள். "வெள்ளிக்கிழமை பத்து பேருக்குச் சாப்பாடு. கோதுமைக் குருணை அடைச்சு, ஆளுக்கு ஒரு புறா."

"சந்தைல வாங்கிட்டு வரேன்."

"சந்தை எதுக்கு? உனக்குத்தான் அறுபது இருக்கே. கிழடு கொண்டு வராதே, வேகாது. இந்த வருஷத்துக் குஞ்சாப் பாத்து எடு."

வியாழன் சாயங்காலம் பய்யூமி கிர்கிஸின் மாடியில் தனியாக நின்றார். இன்னும் ஒருமுறைகூடப் பறக்கவிடாத குஞ்சுகள் கூண்டில் முண்டிக்கொண்டு அவர் கையைப் பார்த்தன. பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். கதவைத் திறக்கப் போனவர் நின்றார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு கையை உள்ளே விட்டு முதல் குஞ்சைப் பிடித்தார்.