கொஞ்சம் பார்த்துக்கோங்க சார்

இந்த ஊரில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே மின்னலுக்குச் சங்கு ஊதுவார்கள். தலைக்கு மேலே ஒரு துண்டு மேகம்கூட இருக்காது. திடீரென்று விளையாட்டுத் திடலின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரியும், சங்கு அலறும். பந்தை உதைக்கக் காலைத் தூக்கியவர் உதைக்காமலே இறக்கிவிட்டுக் கூரையைத் தேடிப் போவார். எங்கோ தொலைவில் திரளும் மின்னலைக் கருவி கண்டுபிடித்துவிட்டதாம். திருச்சியில் இடி முழங்கும்போது மொட்டை மாடிக்கு ஓடி வடகம் அள்ளி வந்தவள் நான். வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. நானும் பேசாமல் போய்க் கூரைக்கடியில் நின்றுகொள்கிறேன்.

மகள் மதிக்குக் கால்பந்து அணித் தேர்வு நடந்த சனிக்கிழமையும் சங்கு ஊதியது. அவள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பள்ளித் திடலில் புல் மாற்றுவதால், சுவா சூ காங் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிற்கு அருகிலிருக்கும் பொதுத் திடலில் தேர்வை வைத்திருந்தார்கள். இளையோர் அணிக்கு முதலாம் ஆண்டுப் பிள்ளைகளும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளும் சேர்ந்தே போட்டியிட வேண்டும். ஒரு வருடம் மூத்த பெண்கள் மதியைவிட ஒரு தலை உயரமாக இருந்தார்கள். மதிக்குப் பந்து பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அவள் குறி வைத்தது பந்தை அல்ல, ஒரு மேசையை. "ரீசெஸ்ல நான் தனியாத்தாம்மா சாப்பிடுறேன். ஃபுட்பால் கேர்ள்ஸ் மட்டும் ஒரே டேபிள்ல ஒண்ணா உக்காருவாங்க" என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள். அழவில்லை. வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னாள். நானும் அதே மாதிரி கேட்டுக்கொண்டேன். இங்கே வந்தபிறகு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்தக் குரல் வாய்த்துவிட்டது.

என் பள்ளிக்காலத்தில் தேர்வும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பி.டி. மாஸ்டர் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து "நீ வா, நீ வா" என்று உயரமானவர்களைப் பொறுக்குவார், அவ்வளவுதான். ஆனால் அங்கே வேறொரு வழக்கம் இருந்தது. எங்கே யார் கையில் பிள்ளையை ஒப்படைத்தாலும் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். என் அப்பா என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டு நடத்துநரிடம், "பொண்ணு தனியா வருது, கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்பார். நடத்துநர் தலையாட்டிவிட்டு அடுத்த நிமிடமே மறந்துவிடுவார். வகுப்பாசிரியரிடமும் அதே வார்த்தை, ஊசி போடும் நர்ஸிடமும் அதே வார்த்தை. யாரும் அதற்காக எதையும் செய்ததில்லை. செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததும் இல்லை.

சங்கு ஊதியதும் பெண்கள் எல்லோரும் நானும் என் கணவரும் நின்ற கூரைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பயிற்சியாளர் ரவியும் வந்தார். பெயரைக் கேட்டதுமே என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வேற்றூரில் ஒரு தமிழர் அகப்பட்டால் அவருக்குக் கால் தரையில் நிற்காது. நான் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் பக்கத்தில் போய்விட்டார்.

"சாருக்கு எந்த ஊரு?"

"இங்கதான், சுவா சூ காங்."

"அது இல்ல சார், சொந்த ஊரு?"

"அதான் அண்ணே, பொறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கதான் லா" என்று இந்த ஊர் இழுப்போடு சொன்னார் ரவி. இருவரும் சிரித்தார்கள். என் கணவர் சிரிப்போடு நிறுத்தியிருந்தால் அத்தோடு போயிருக்கும். மதியைக் கையால் காட்டி, "அந்த நீல பாட்டில் வச்சிருக்கறது நம்ம பொண்ணுதான். கொஞ்சம் பார்த்துக்கோங்க சார்" என்றார்.

ரவியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அண்ணே, அப்படிலாம் செய்ய முடியாது. எல்லாருக்கும் சேம் ட்ரையல்தான்."

"ஐயையோ, நான் சும்மா சொன்னேன் சார்!"

ரவி கடிகாரத்தைப் பார்த்தார். தரையில் இருந்த பெண்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. மதிக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பிரியாவுக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டு, இந்த ஊர்ப் பெண், மதி ஆடும் அதே இடத்துக்குப் போட்டியிட்டவள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் பாட்டிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் கணவரைப் பார்த்தாள்.

சங்கு ஓய்ந்து ஆட்டம் மறுபடி தொடங்கியபோது மதி நன்றாகவே ஆடினாள். தன்னைவிட உயரமான பெண்ணின் காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த வாரம் பெயர்கள் வந்தன. மதியின் பெயர் இருந்தது, பிரியாவின் பெயர் இல்லை. என் கணவர் எங்களை ஃபேரர் பார்க் பக்கம் ஒரு நம்ம ஊர் ஓட்டலுக்குக் கூட்டிப்போய் நெய் ரோஸ்ட் சொன்னார். மதி அதைப் பிய்த்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"அப்பா கேட்டதாலதான் கோச் என்னை எடுத்தாராம். பிரியா எல்லார்கிட்டயும் சொல்லிட்டா."

"நான் எங்கடா கேட்டேன்? பார்த்துக்கோங்கன்னுதானே சொன்னேன்!"

"அப்படின்னா என்ன மீனிங்ப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சட்னிக் கிண்ணத்தைப் பார்த்தேன். இத்தனை வருடம் கேட்டும் சொல்லியும் பழகிய வார்த்தைக்கு என்னாலும் பொருள் சொல்ல முடியவில்லை. நெஞ்சு பதறியிருக்க வேண்டும், பதறவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது. "டேபிள்ல இடம் கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்டேன்.

"இடம் இருக்கு. அதுல பேக் வச்சிருக்காங்க."

ரவியிடம் போய் விளக்கிச் சொல்கிறேன் என்று என் கணவர் கிளம்பினார். "ப்ளீஸ்ப்பா, யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க" என்றாள் மதி. அவர் உட்கார்ந்துவிட்டார்.

போன சனிக்கிழமை அதே திடலில் முதல் பயிற்சி. நாங்கள் தள்ளியே நிற்பது என்று முடிவு செய்து எதிர்ப்பக்கக் கூரைக்கடியில் நின்றோம். பாதியில் சங்கு ஊதியது. பெண்கள் அந்தப் பக்கக் கூரைக்குள் போய் ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்தார்கள். மதி அதே கூரையின் கடைசித் தூணருகே நின்றாள். அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே அவர்களுடைய பைகள் இருந்தன. அவளுக்கும் எங்களுக்கும் நடுவே திடல் பளீரென்று வெயிலில் கிடந்தது. சிவப்பு விளக்கு அணையும்வரை அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. என் கணவர் கையைத் தூக்கப் போனார். நான் பிடித்து இறக்கினேன். மதி எங்களைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்களைப் பார்த்தாள். பிறகு இரண்டு பக்கமும் பார்க்காமல், ஒரு மேகம்கூட இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.