பஸ் கேட்டு ஓடிய ஞாயிற்றுக்கிழமை

எழுபதுகளில் சின்னக்கானலில் எங்கள் எஸ்டேட்டுக்குப் பஸ் கிடையாது. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமே என்று, மலையேறி வந்த போக்குவரத்து அதிகாரியிடம் பேச நானே முன்வந்தேன். "ஐயா" என்று தொடங்கியதும் தேயிலை ஃபேக்டரிச் சங்கு ஊதியது. பழக்கதோஷம், மனுவும் கையுமாக வேலைக்கு ஓடினேன். அன்று ஞாயிறு, சங்கைப் பழுது பார்க்கிறார்கள் என்பது ஃபேக்டரி வாசலில்தான் தெரிந்தது.

திரும்பி வந்தால் அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு ஓடுன ஓட்டத்தப் பாத்தீகல்ல சார்? வலி வந்தா நான் அப்படி ஓட முடியுமா? ஒரு பஸ் விடுங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். அடுத்த மாதமே பஸ் வந்தது. வலி கண்ட காலையில் இருவரும் ஏறி உட்கார்ந்தோம். சங்கு ஊதியது. அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மட்டும் ஓடிராதீக."