நம்பியின் வண்டியை மறந்த குரங்குகள்

மைசூரு அக்ரஹாரத்தில் ‘காட்டு நம்பி’ வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அவருக்குக் காடு அறவே பிடிக்காது என்பது வீட்டாருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அட்டைக்கும் யானைக்கும் ஒரே அளவு பயப்படுகிறவர். சமையலறையில் பல்லி விழுந்தால் மனைவி வைதேஹிதான் வந்து விரட்டவேண்டும். சிமென்ட் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு ஒரு டெம்போ டிராவலர் வாங்கி, கொள்ளேகால், ஹனூர் வழியாகக் கோபிநத்தம் கானக முகாம் வரை சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போய்ப் பிழைக்கிறார். அவர்கள் இறங்கி இயற்கையை ரசிக்கும்போது இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து சுடோகு போடுவார்.

குரங்கு மட்டும் விதிவிலக்கு. அது அவர் கணக்கில் மிருகமே இல்லை. சனிக்கிழமைகளில் ஆஞ்சநேயருக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வண்டியில் ஏறும். மாதேஸ்வரன் மலை தாண்டிக் காட்டுக்குள் போகும் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே இரண்டு முறை ஹார்ன் அடித்து நிறுத்துவார். குரங்குக் கூட்டம் மரத்திலிருந்து இறங்கி வரும். கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு பழத்தைக் கொடுப்பார்.

வண்டியில் இருப்பவர்களுக்கு இதில் பரமானந்தம். புலி வருமோ வராதோ, நம்பி வண்டியில் போனால் குரங்கு நிச்சயம் என்று இணையத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்டார்கள். வியாழக்கிழமை வந்தவர்களும் குரங்கு கேட்டார்கள். ஆஞ்சநேயர் கிழமை பார்ப்பவரா என்ன? பழம் தீர்ந்த நாளில் பிஸ்கட், பிஸ்கட் தீர்ந்தால் சிப்ஸ். நம்பியைப் பார்த்து மற்ற டிரைவர்களும் தொடங்கினார்கள். பக்தி பரவுவதைக் கண்டு நம்பி மகிழ்ந்தார்.

குரங்குகள் மேலே ஏறுவதை விட்டன. சாலையிலேயே குடித்தனம். ஒரு நாள் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் குரங்கை லாரி தட்டிவிட்டது. குழந்தை பிழைத்தது, தாயின் இடது கை மடங்கியே போனது. ஹார்ன் அடிக்கும் வண்டி வராத வேளைகளில் கூட்டம் முகாமின் சமையலறையைத் தேடிப் போயிற்று. அங்கே சமையல் கோபிநத்தத்துக் கனகாவுடையது.

“ஏனுங்க சாமி, உங்க சொந்தக்காரங்க வந்து அரை அண்டா வடையத் தூக்கீட்டுப் போயிட்டாங்கோ. போறப்ப ஒரு வார்த்த சொல்லீட்டுக்கூடப் போகலீங்க” என்றாள் கனகா.

“என் சொந்தமா? நன்னாயிருக்கு நீ சொல்றது!”

“பின்ன? ஹார்ன் அடிச்சு விருந்துக்குக் கூப்புட்டது நானுங்களா?”

ஊரார் வனத்துறை ரேஞ்சர் சந்தோஷ்குமாரிடம் முறையிட்டிருந்தார்கள். ஹனூர்க்காரரான அவர் நம்பியைத் தனியே அழைத்துச் சொன்னார். “மழ முடியற வரைக்கும் பாப்பேன் சாமி. அதுக்குள்ள அதுக ரோட்ட உட்டு மேல ஏறலைன்னா, கூண்டு வெச்சுப் புடிச்சு வேற மலைல கொண்டு போயி உடறதுதான்.”

“விட்டா அங்கே பிழைச்சுக்குமோல்லியோ?”

“அங்கியும் ஒரு கூட்டம் இருக்குமில்லீங்க? எடம் குடுக்குமா? பாதி தேறாது.”

ஆஞ்சநேயரைக் கூண்டுக்கு அனுப்பியவன் என்ற பெயர் நம்பிக்கு வாய்க்கவிருந்தது. ஹனூர் டீக்கடையில் மற்ற டிரைவர்களை, இனிக் குரங்குக்கு எதுவும் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். “ஆரம்பிச்சு வெச்சதே நீங்கதானுங்க” என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு, பாதிப்பேர் நிறுத்தவும் செய்தார்கள். அடுத்த சனிக்கிழமை வளைவில் காரை நிறுத்திப் பழச் சீப்பைப் பிரித்த ஒரு பெங்களூர்க் குடும்பத்தை நம்பி தடுக்கப் போனார்.

“ஏன் ஸ்வாமி, நெத்தி முழுக்கத் திருமண் இட்டுண்டு அனுமாருக்குப் பழம் போடாதேங்கறீரே, நீர் என்ன நாஸ்திகரா?”

மூன்று தலைமுறையாக மேல்கோட்டைத் தேருக்கு வடம் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவருக்குக் கிடைத்த பட்டம் அது. 

தான் பழம் கொடுப்பதை நிறுத்தினால் போதும் என்று முதலில் நினைத்திருந்தார். நிற்காமல் போனபோது கூட்டமே வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தது, ஒன்று கூரையில் ஏறி முகாம் வரை இலவசமாகப் பயணம் செய்தது. தன் திருமண்ணை அடையாளம் வைத்திருக்கின்றன என்று வைதேஹியிடம் வருத்தப்பட்டார்.

“திருமண்ணாவது! அதுகளுக்கு உங்க ஹார்ன்தான் தெரியறது. நீங்க தெருமுனையில அடிச்சா நானே காபிக்கு அடுப்பு மூட்டறேனோல்லியோ?”

அது சரிதான். ஆனால் வளைவுக்கு முன்னால் ‘ஹார்ன் அடிக்கவும்’ என்று பலகை இருக்கிறது. அடித்தால் குரங்கு வரும். அடிக்காவிட்டால் எதிரே பஸ் வரும். நம்பிக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது, அதைவிட மோசமானது வேறெதுவும் இல்லை. வண்டியை ஓரம்கட்டிவிட்டு, தானே இறங்கி, வளைவைத் தாண்டி நடந்துபோய், எதிரே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஓட்டுவது.

காட்டில் கால் வைக்காத மனிதர் அந்த மழைக்காலம் முழுவதும் அந்த வளைவை நடந்தார். முதல் நாள் குடையை வாள் மாதிரிப் பிடித்துக்கொண்டு. அட்டை கடித்தது. உயிர் போகவில்லை என்பதே அவருக்குச் செய்தி. நடக்கிறவன் நாலு பக்கமும் பார்த்துத்தானே ஆகவேண்டும்? வளைவுக்கு மேலே ஒரு பெரிய அத்திமரம் காய்த்து நின்றதை இத்தனை வருஷத்தில் அப்போதுதான் பார்த்தார். ஹார்னும் இல்லை, மழையில் பழம் போட வரும் கார்களும் குறைந்தன; கொஞ்ச நாள் கழித்து அதில் இரண்டு குரங்குகள். பிறகு நாலைந்து. அவை கடித்துக் கடித்துப் பாதியைக் கீழே எறிய, புள்ளிமான்கள் வந்து பொறுக்கித் தின்றன. குரங்கின் எச்சம் விழுந்த பாறை இடுக்கில் விரல் நீளத்துக்கு ஓர் அத்திக்கன்று. ஆக, இவர் ஒரு சீப்புப் பழத்தைக் கொடுத்து, காட்டுக்கே விதைத்துச் சமைத்துப் பரிமாறிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பிச்சைக்கு உட்கார வைத்திருக்கிறார்.

வண்டிக்கு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். “எல்லாரும் இறங்குங்கோ. பேசப்படாது, சிப்ஸை உள்ளேயே வெச்சுடுங்கோ.” இறங்கினார்கள். மரத்தடியில் மான்களைக் கண்டதும் ஒருவரும் மூச்சு விடவில்லை. அன்று மாலை இரண்டு பேர் இணையத்தில் ‘டிரைவர் மிகவும் கெடுபிடி’ என்று எழுதினார்கள். மற்றவர்கள் அந்த மரத்தைப் பற்றி எழுதினார்கள்.

மழை முடிந்தது. ரேஞ்சர் வளைவுக்கு வந்தார், பின்னாலேயே கூண்டு ஏற்றிய லாரியும். முகாமிலிருந்து கனகாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

“ஹார்ன் அடிங்க சாமி” என்றார் ரேஞ்சர்.

“நானா?”

“நீங்க அடிச்சாத்தானுங்க அதுகளுக்குக் கணக்கு.”

நம்பி கண்ணை மூடிக்கொண்டு, பழைய மாதிரி இரண்டு முறை அடித்தார். சாலையில் ஒன்றும் இறங்கவில்லை. அத்திமரத்தில் இலை விலகியது. கை மடங்கிய அந்தத் தாய் எட்டிப் பார்த்தது. வண்டியைப் பார்த்தது, நம்பியைப் பார்த்தது. பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு ஒரு பழத்தைப் பறித்தது.

“கூண்ட வண்டியோட திருப்பு” என்றார் ரேஞ்சர் லாரிக்காரரிடம்.

நம்பிக்குக் கண் கலங்கியது. அதில் சந்தோஷம் மட்டும் இருந்தது என்று சொல்ல முடியாது. “இத்தனை வருஷம் பழம் போட்டேன். ஒரு மரியாதைக்காவது…”

“அதான் எட்டிப் பாத்துச்சில்லீங்க! வேறெவன் அடிச்சிருந்தா அதும் பாத்திருக்காது” என்றாள் கனகா.

சனிக்கிழமைச் சீப்பு இன்னமும் வண்டியில் ஏறுகிறது. முகாமில் இறங்கி, கனகா கையால் பஜ்ஜியாகிறது. போன வாரம் வந்த ஒரு பெண், “என்ன சார், ஒரு குரங்குகூடக் கிட்ட வரமாட்டேங்குதே?” என்று கைப்பேசியை நீட்டியபடியே குறைப்பட்டாள்.

“வரமாட்டா,” என்றார் நம்பி, அத்திமரத்தைப் பார்த்தபடி. “அவாத்துல சாப்பாடு ஆயிண்டிருக்கு.”