டயாலிசிஸ் நாளில் ஒரு ஸ்விட்ச்

எங்கள் அலுவலகத்தில் யாராவது இருக்கை மாறினால் நான் வேண்டும். கணக்குப் பிரிவும் விருந்தாளிகளின் வைஃபையும் ஒரே ஒயரில் ஓடினாலும் ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாதபடி நெட்வொர்க் ஸ்விட்சுகளில் தடுப்புப் போட வேண்டும். அதற்கு விலான் என்று பெயர். மாடிக்கு மாடி ஸ்விட்ச். எல்லாவற்றிலும் கட்டளைகளைக் கையால் தட்டுவது நான். இதைத் தானாகவே செய்யும் ஒரு ஸ்கிரிப்டின் தலையில் கட்டிவிடலாமா என்று மேனேஜர் கேட்டு மாதங்களாகிவிட்டன. ஸ்கிரிப்டில் பிழை வந்தால் அலுவலகமே படுத்துவிடும் என்று அவருக்குப் பயம் காட்டிக்கொண்டிருந்தேன். நானில்லாமல் ஒரு நாற்காலிகூட நகராது என்பதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம். அதை அவரிடம் சொல்ல முடியுமா?

அப்பாவுக்கு டயாலிசிஸ் பொம்மனஹள்ளி ஆஸ்பத்திரியில். பக்கத்தில் நான் இருப்பேன், மடியில் லேப்டாப் இருக்கும். ஊசி குத்தும்போது அப்பா என் கையைத் தேடுவார். பெரும்பாலும் அகப்படுவது லேப்டாப்பின் மூலைதான்.

அன்று குளிருகிறது என்றார். ஒரு கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே மறு கையால் அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்குப் புது விலான் ஒன்றைச் சேர்த்தேன். கட்டளையில் 'சேர்' என்பதை விட்டுவிட்டால், ஸ்விட்ச் இருப்பதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொள்ளும். விட்டுவிட்டேன். மூன்றாம் மாடி மொத்தமும் படுத்தது. நான் உள்ளே நுழைந்திருந்ததும் அதே வழியாகத்தான் என்பதால் என்னையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. ஸ்கிரிப்டைப் பற்றி நான் பரப்பிய அவதூறை நானே செய்து காட்டியிருந்தேன்.

நேரில் போயே ஆக வேண்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று விழித்தேன்.

"போயிட்டு வாடா. என்னைத்தான் மெஷின்ல கட்டிப் போட்டிருக்காங்களே, எங்க ஓடப்போறேன்?"

சரிசெய்துவிட்டு, ஓசூர் ரோட்டு நெரிசலில் ஊர்ந்து திரும்பினேன். எல்லாம் முடிந்து, வாசல் பெஞ்சில் ஸ்வெட்டர் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன் இல்லாமல் அவன் ஆபீஸில் எதுவும் ஓடாது என்று நர்ஸம்மாவிடம் கன்னடத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பித்தானைச் சரியாகப் போட்டுவிடக்கூடக் கூச்சமாக இருந்தது.

மறுநாளே மேனேஜரிடம் சரி என்றேன். ஸ்கிரிப்டை எழுதி, ஓரமாகக் கிடந்த பழைய ஸ்விட்சில் சோதித்து, தவறினால் தானே முன்பிருந்த நிலைக்குத் திரும்பும்படி செய்தோம்.

பிறகொரு டயாலிசிஸ் நாளில் ஒரு குழுவே இரண்டாம் மாடிக்கு மாறியது. என்னை யாரும் கூப்பிடவில்லை. ஃபோனை எடுத்துப் பார்த்தேன், வைத்தேன், சிக்னல் இருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன்.

"என்னடா, வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்லப்பா. இன்னிக்கு அங்க நான் வேணாமாம்."

"இங்க வேணும். கால் இழுக்குது, கொஞ்சம் அமுக்கு."

அமுக்கினேன். இதுகூட உனக்கு வரவில்லையே என்று குறை சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்.