பத்து லிட்டர் அமிலமும் ஒரு கை கொசுறும்

நாற்பது வயதில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் படிப்பவளிடம் அமிலத்தைக் கலக்கச் சொன்னால் என்ன செய்வாள்? ஐம்பது சதவீதக் கரைசலையும் இருபத்தைந்து சதவீதக் கரைசலையும் கலந்து, நாற்பது சதவீதத்தில் பத்து லிட்டர் வேண்டுமாம். எதில் எவ்வளவு ஊற்ற வேண்டும்? நான் யோசிக்கவே இல்லை. ஐம்பதும் இருபத்தைந்தும் எழுபத்தைந்து என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

எனக்கு வாத்தியார் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, கரிக்கிற மோருல கரிக்காத மோர ஊத்துனா கரிப்பு ஏறுமா, கொறையுமா?"

"கொறையும் கண்ணு."

"அப்பறம் இது மட்டும் எப்படி ஏறுச்சு?"

"இது அமிலமாச்சே சாமி. அதோட கொணம் நமக்கென்ன தெரியும்?"

சிரிக்காதீர்கள். கொல்லிமலையில் எங்கள் ஊர் அங்கன்வாடியில் நான் உதவியாளர். டீச்சர் ஓய்வுபெறப் போகிறார். கணக்கில் மட்டும் தேறிவிட்டால் அந்த வேலைக்கு நான் மனுப் போடலாம். தேறாவிட்டால் கீழே இருந்து யாராவது வருவார்கள், நான் அவருக்கும் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். ஏற்கெனவே கோட்டை விட்டவள்தான். இதில் "இந்தத் தடவ பாசுதானுங்க" என்று ஊர் முழுக்க வாய் வேறு விட்டிருந்தேன். எனக்கு முதல் எதிரி என் வாய்தான்.

கடைசியில் மகள் அமிலத்தை விட்டுவிட்டு மோருக்கே வந்தாள். உப்பு தூக்கலான மோர் எக்ஸ் டம்ளர், உப்புக் குறைந்த மோர் ஒய் டம்ளர், பத்து டம்ளர் பிடிக்கிற ஒரு பாத்திரம். மோரின் அளவைக் கூட்டினால் ஒரு சமன்பாடு, அதிலுள்ள உப்பை மட்டும் கூட்டினால் இன்னொன்று. எக்ஸ் ஆறு, ஒய் நான்கு என்று வந்தபோது எனக்கே நம்பிக்கையில்லை. அளந்து ஊற்றிப் பார்த்தேன். தரையெல்லாம் மோர்.

"பத்து டம்ளர் புடிக்கிறது எப்படிம்மா வழியும்?"

வழியும். ஆறு டம்ளர் ஊற்றி மேலே கொஞ்சம், நான்கு ஊற்றி மேலே கொஞ்சம் என்று ஊற்றினால் வழியத்தான் செய்யும். எங்கள் பக்கம் சாமையோ மிளகோ, அளந்து முடித்ததும் மேலே ஒரு கை அள்ளிப் போடாமல் கொடுப்பதில்லை. அளவோடு நிறுத்துகிறவளைக் கஞ்சப்பிசினாறி என்பார்கள். என் கைக்கு அது ஊறிப்போன பழக்கம்.

"கணக்குல கொசுறெல்லாம் கெடையாதும்மா!" என்று கத்தினாள்.

பரீட்சையன்று முதல் பஸ்ஸில் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கினேன். வளைவுக்கு வளைவு எக்ஸ், ஒய் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். வினாத்தாளைப் பிரித்தால் அதே அமிலம், ஐந்து மார்க்! கண்ணீரே வந்துவிட்டது. பிசகில்லாமல் போட்டேன். ஆறு லிட்டர், நான்கு லிட்டர். பிறகு, சத்தியமாக ஏன் என்று தெரியாது, அடியில் இப்படியும் எழுதினேன்: 'கலக்கும்போது சிந்தும் என்பதால் மேற்கொண்டு கொஞ்சம் ஊற்றிக்கொள்வது நல்லது.'

வீட்டில் மகள் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக் கூட்டினாள். முப்பத்தைந்து வந்தது. பாஸ் மார்க், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்போதுதான் அந்த வரியைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதுக்கு ஒண்ணு கொறச்சிருவாங்கம்மா. முப்பத்திநாலுதான்."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நான் துக்கம் தாளாமல் இரண்டு தட்டு சாப்பிட்டேன். முடிவு வரும்வரை தெருவில் யாரைப் பார்த்தாலும் குனிந்துகொண்டே நடந்தேன்.

முடிவு வந்தபோது மகள்தான் போனில் பார்த்தாள். திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். என் உயிர் என்னிடம் இல்லை.

"முப்பத்தஞ்சும்மா" என்றாள். "அந்த வரிக்கு ஏன் கொறைக்காம உட்டாங்க?"

"திருத்துனவங்க நம்ம பக்கத்து ஆளா இருப்பாங்க கண்ணு. அளந்துட்டு மேல ஒரு கை போட்டுருக்காங்க."

கொசுறு கிடையாது என்று கத்தியவள் எழுந்துபோய் எனக்கு மோர் கொண்டுவந்தாள். டம்ளர் நிறைந்த பிறகும் நிறுத்தாமல் ஊற்றினாள்.